கோஜி பெர்ரி: நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் முன்பெல்லாம் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் இருக்கும். இப்போது கூடவே சிவப்பு நிற உலர்பழப் பொட்டலம் ஒன்றும் வருகிறது. அதுதான் கோஜி பெர்ரி. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நாலு கோஜிச் செடிகள் நிற்கின்றன. நாற்று கேட்டு தேவிபட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வருகிறவர்கள் நாற்றை விடக் கேள்விகளைத்தான் அதிகம் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோஜி என்பது என்ன பழம்? எங்கிருந்து வருகிறது?

கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முட்புதரின் பழம். லைசியம் பார்பரம், லைசியம் சைனன்ஸ் என்று இரண்டு இனங்களின் பழமும் இந்தப் பெயரில் விற்கிறது. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி சீனாவில் விளைந்தது. அங்கே மஞ்சள் ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் நிங்சியா பகுதி இதற்குப் பேர்போனது, நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் பேர்போன மாதிரி. சீனர்கள் இதை மருந்துச் சரக்காகவும் சூப்பில் போடும் பண்டமாகவும் நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு ‘வுல்ஃப்பெர்ரி’ என்றால் உடனே தெரியும்.

இமயமலைப் பழம், திபெத்துப் பழம் என்று பொட்டலத்தில் மலைப்படம் போட்டு விற்கிறார்கள். அந்தப் படத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ருசி எப்படி என்றால், உலர்திராட்சையின் இனிப்பு முதலில் வரும், வெயிலில் வற்றிய தக்காளியின் புளிப்பு லேசாகத் தட்டும், கடைசியில் மணத்தக்காளி வற்றலின் கசப்பு ஒரு சாயல் நாக்கில் நிற்கும்.

எங்கள் வேலியிலும் சிவப்பாக, முள்ளோடு ஒன்று காய்க்கிறது. அதுவும் கோஜிதானா?

பெரும்பாலும் அது தூதுவளை. இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மகிழ்ச்சிதான், கேட்டவர் செடியை உற்றுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் ஊதாப் பூ, சிவந்த பழம், முள். ஆனால் தூதுவளை கொடியாகப் படரும், இலையிலேயே வளைந்த முள் இருக்கும், பழம் உருண்டை. கோஜி புதராக நிற்கும், இலை மிளகாய் இலையைச் சிறிதாக்கி வெளிர வைத்த மாதிரி இருக்கும், பழம் நீண்டு முட்டை வடிவில், ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கும்.

இதில் கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில். அமுக்கராவும் இதே குடும்பம்தான். சொடக்குத்தக்காளி போல ஒரு காகிதக் கூட்டுக்குள் அதன் பழம் சிவப்பாகப் பழுக்கும். அது தின்கிற பழம் அல்ல. வேலியோரம் படரும் குன்றிமணியோ குடும்பமே வேறு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சிவப்பாக இருப்பதையெல்லாம் கோஜி என்று நினைத்துப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடியை உறுதியாகத் தெரியாவிட்டால் பழத்தைத் தொட வேண்டாம்.

நல்ல உறவுகளையும் சொல்லிவிடுகிறேன். மணத்தக்காளி, சுண்டைக்காய், தூதுவளை மூன்றும் கோஜிக்குப் பங்காளிகள். மழை பெய்து பத்து நாளில் கொல்லையில் தானாக முளைக்கிற மணத்தக்காளியைக் களையென்று பிடுங்கிவிட்டு, அதன் சீனத்துச் சொந்தத்தைக் காசு கொடுத்து வாங்குகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்படி என்ன சத்து இருக்கிறது இதில்?

உலர்ந்த கோஜி 100 கிராமில் சுமார் 350 கலோரி, 14 கிராம் புரதம், 13 கிராம் நார்ச்சத்து, 45 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் இரும்பு, 190 மில்லிகிராம் கால்சியம், 48 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கின்றன. வைட்டமின் ஏ-யாக மாறும் நிறமியும் உண்டு. ஓர் உலர்பழத்துக்கு இந்தப் புரதம் அதிகம்தான். திராட்சையிலோ பேரீச்சையிலோ இவ்வளவு கிடையாது.

ஆனால் யார் 100 கிராம் தின்கிறார்கள்? ஒரு சின்னக் கைப்பிடி 15 கிராம் வரும். அதில் புரதம் 2 கிராம், இரும்பு 1 மில்லிகிராம், வைட்டமின் சி 7 மில்லிகிராம், சர்க்கரை 7 கிராம். ஒரு கோழிமுட்டையிலேயே 6 கிராம் புரதம் இருக்கிறது. வைட்டமின் சி-க்கு என்றால் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும், நெல்லிக்காயில் அதற்கும் அதிகம். பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் எண்கள் பொய்யல்ல. எவ்வளவுக்கு அந்த எண் என்பதைப் பார்க்க வேண்டும்.

கோஜியின் தனிச்சிறப்பு வேறொன்றில் இருக்கிறது. ஸீயாசாந்தின் என்கிற ஆரஞ்சு நிறமி. உணவுப் பொருள்களிலேயே இதை மிக அதிகமாக வைத்திருப்பவற்றில் கோஜி ஒன்று. அதைப் பற்றி அடுத்தடுத்து வருகிறது.

கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் எங்கள் ஊரில் பலருக்கு ரத்தசோகை. கோஜி சாப்பிட்டால் சரியாகுமா?

கோஜியை மட்டும் நம்பினால் சரியாகாது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கைப்பிடி கோஜி கொடுப்பது 1 மில்லிகிராம். அதே நேரம், கொல்லை முருங்கையில் ஒடித்த கீரை 50 கிராமில் 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் 150 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. அதற்குக் காசும் வேண்டாம்.

ரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்து, அங்கே கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் எடுக்க வேண்டும். மாத்திரையோடும் கீரைச்சோற்றோடும் எலுமிச்சை, நெல்லி ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள், இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். விடியற்காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கும் பழக்கம் இங்கே நிறைய. அதை மாற்றினால் கோஜிப் பொட்டலத்தை விடப் பெரிய பலன் கிடைக்கும்.

கடல் வெயிலில் கண் எரிகிறது, சதை வளர்கிறது. கண்ணுக்கு நல்லது என்கிறார்களே, மீனவர்கள் சாப்பிடலாமா?

இது பாம்பன் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் கண்ணின் விழித்திரை நடுவே மஞ்சள் புள்ளி என்று ஓர் இடம் உண்டு. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. அங்கே ஸீயாசாந்தினும் லூட்டீனும் படிந்து, நீல ஒளியை வடிகட்டுகின்றன. இந்த நிறமிகளை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 45 முதல் 65 வயதுவரை ஆரோக்கியமாக இருந்த 27 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் ஐந்து நாள், 28 கிராம் வீதம், 90 நாள் கோஜி சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அந்த நிறமியின் அடர்த்தி கூடியிருந்தது. நல்ல சேதிதான். ஆனாலும் 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நிறமி கூடியது என்பதும் நோய் வராது என்பதும் ஒன்றல்ல.

அப்புறம், கடலுக்குப் போகிறவர்களுக்கு வருகிற தொல்லை பெரும்பாலும் விழித்திரையில் இல்லை. வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை படர்வதற்கும், கண்புரைக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரு முக்கியக் காரணம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து அடிக்கிறது. அதைக் கோஜி தடுக்காது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும்தான் தடுக்கும். கண்ணாடி போட்டால் வள்ளத்தில் கேலி செய்கிறார்கள் என்று ஒரு தம்பி சொன்னார். கேலி இரண்டு நாளில் போய்விடும், தம்பி. கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

கோஜி சாப்பிடுவதானால் பால், தேங்காய்ப்பால், நிலக்கடலை என்று கொழுப்புள்ள ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். அந்த நிறமி கொழுப்பில் கரைவது. முட்டை மஞ்சள் கருவிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் அதே நிறமி இருக்கிறது.

மாத்திரை எடுப்பவர்கள் சாப்பிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் அத்தைக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. சிங்கப்பூரிலிருந்து மகன் அன்பாக அனுப்பிய கோஜியை இரவில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரையும் பழத்தையும் சேர்த்து இரண்டு வாரம் சாப்பிட்டார். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கையில் அங்கங்கே நீலம் பாரித்தது. மாதாந்தரப் பரிசோதனையில் ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்திருந்தது தெரிந்தது. “புதுசா என்ன சாப்பிட்டீங்கம்மா?” என்று மருத்துவர் கேட்டபோது அத்தைக்குப் பழம் ஞாபகத்துக்கே வரவில்லை. பழம்தானே, மருந்தில்லையே என்ற நினைப்பு. நான்தான் சொன்னேன். நிறுத்திய பிறகு அளவு பழைய நிலைக்கு வந்தது.

இது அத்தைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த 61 வயதுப் பெண்மணிக்குக் கோஜித் தேநீரால் இப்படி ஆனது 2001-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகும் சிலருக்கு ஆகியிருக்கிறது. வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் கோஜியைப் பழமாகவோ, சாறாகவோ, தேநீராகவோ எடுக்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களும் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது, இரண்டையும் கொஞ்சம் இறக்கும் தன்மை கோஜிக்கு இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்படியானால் சர்க்கரை நோய்க்கு நல்ல மருந்துதானே?

மருந்து இல்லை. பழத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு சர்க்கரை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோஜி சாப்பிடுவது ஆபத்து. புற்றுநோய் தீரும், நூறு வயது தாண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் ஆதாரம் கிடையாது.

கர்ப்பிணிகள், குழந்தைகள்?

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தக்காளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிறு பிள்ளைகளுக்கு முழுப்பழமாகக் கொடுக்காமல் ஊறவைத்து மசித்துக் கொடுங்கள், தொண்டையில் சிக்காது.

எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது?

நாளைக்கு ஒரு சின்னக் கைப்பிடி போதும். கழுவி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் பூரிக்கும். சூப்பாக இருந்தாலும் கஞ்சியாக இருந்தாலும் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போடுங்கள். ரொம்ப நேரம் கொதித்தால் குழைந்து புளித்துப்போகும்.

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா, நோன்புக் கஞ்சியில் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடலாம். அதில் தேங்காய்ப்பால் இருப்பதால் நிறமி உடம்பில் சேர்வதற்கும் தோது. இஞ்சி, பூண்டு, வெந்தய வாசனைக்கு நடுவே அந்த இனிப்பு எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஆச்சிக்குப் பிடிக்கவில்லை. பாயசத்தில் திராட்சைக்குப் பதிலாகப் போட்டபோது மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நம் உப்பு மண்ணில் இந்தச் செடி வருமா?

வரும். சொல்லப்போனால் உப்புதான் இதற்குப் பெரிய கவலை இல்லை. நிங்சியாவில் உவர் பூத்த நிலங்களிலேயே இதை நடுகிறார்கள். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணும் இதற்கு ஒத்துவரும். சிப்பி கலந்த நம் கடற்கரை மணல் அந்த வகை.

ஆனால் வளர்ந்த செடி உப்பைத் தாங்கும், நாற்று தாங்காது. முதல் ஆறு மாதம் நல்ல தண்ணீர் வேண்டும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மணலில் சிறிதாக ஊற்றுத் தோண்டினால் மேலாக நல்ல தண்ணீர் நிற்கும், ஆழம் போகப் போக உப்பு ஏறும். அந்த மேல் தண்ணீரை எடுங்கள், அல்லது மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நாற்றுக்கு ஊற்றி நான் இரண்டு தட்டு நாற்றைக் கருக விட்டிருக்கிறேன்.

இன்னொன்று, தண்ணீர் தேங்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் குழியில் நின்ற செடி வேர் அழுகிச் சாகும். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியிலோ பையிலோ வையுங்கள். ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும்போது இளந்தளிர் கிழிந்துபோகும். மேற்குப் பக்கம் ஒரு பனையோலைத் தட்டி கட்டினால் போதும்.

வாங்கிய உலர்பழத்திலிருந்து விதை எடுக்கலாமா?

எடுக்கலாம். பழத்தை ஓர் இரவு ஊறவைத்துப் பிதுக்கினால் தக்காளி விதை போலத் தட்டையாக, மஞ்சளாக, பொடிப்பொடியாக விதைகள் வரும். அவற்றைக் கழுவி, ஈர மண்ணின் மேல் தூவி, மெல்லிசாக மணல் போர்த்துங்கள். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். அடைமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது போடுவதுதான் நமக்குச் சரியான பருவம். சித்திரையில் போட்டால் முளை வெந்துவிடும். அதிக வெப்பத்தில் உலர்த்திய பழமாக இருந்தால் விதை முளைக்காது, அதனால் எல்லாவற்றையும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுக்காதீர்கள். வளர்ந்த செடி இருந்தால் பென்சில் பருமன் குச்சியை நட்டாலே வேர்விடும்.

இரண்டு வருஷம் ஆகிறது, செடி தளதளவென்று நிற்கிறது, பழம்தான் இல்லை. ஏன்?

கோஜி பனி கொட்டும் ஊர்ச் செடி. அங்கே குளிரில் இலையெல்லாம் உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் எழுந்து பூக்கும். நமக்கு அந்தக் குளிர் கிடையாது. வெயில் ஏறினால் பூ உதிரும், பிஞ்சு நிற்காது. எங்கள் செடிகளில் தை, மாசியில்தான் பழம் பார்க்கிறேன், அதுவும் ஒரு தேநீர்க் குவளை அளவு. மற்ற மாதங்களில் இலைதான்.

செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. புரட்டாசியில் பழைய கிளைகளை ஒட்டக் கழியுங்கள், புதுக் கிளையில்தான் பூ வரும். யூரியா போடாதீர்கள், இலையாகவே போகும். இரண்டாம் மூன்றாம் வருஷத்துக்கு முன்னால் பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். பழம் வந்தால் அழுத்திப் பறிக்காதீர்கள், நசுங்கினால் கறுத்துவிடும். கீழே துணி விரித்து மெல்ல உலுக்குவது நல்லது.

வியாபாரத்துக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இந்தக் கடற்கரையில் வேண்டாம் என்பதுதான். பழத்துக்காக ஏக்கர் கணக்கில் நட்டுக் கடன் பட வேண்டாம்.

அப்படியென்றால் இலையை என்ன செய்வது?

சமைத்துச் சாப்பிடுங்கள்! சீனர்கள் இளந்தளிரைக் கீரையாகவே சூப்பில் போட்டு உண்கிறார்கள். நாங்கள் முருங்கைக்கீரை மாதிரி உருவி, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொரியல் செய்கிறோம். முட்டை உடைத்து ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கும். லேசான கசப்பு உண்டு. முற்றிய இலை வேண்டாம், தளிர் மட்டும்.

மிளகாய்த் தோட்டத்து வரப்பில் நடலாமா? வேலியாக விடலாமா?

மிளகாய்க்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஒரே குடும்பம் என்பதால் அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் எல்லாம் இரண்டிலும் குடியிருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பயிருக்கு நாமே பூச்சி வளர்த்துக் கொடுக்கக் கூடாது. வீட்டுச் செடியில் பூச்சி கண்டால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

வேலி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். கோஜி வேரிலிருந்து கன்று விட்டுப் பரவும், பறவைகளும் விதையைக் கொண்டுபோகும். பல நாடுகளில் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போயிருக்கிறது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று வந்த சீமைக்கருவேலம் நம் கண்மாய்களையும் ஊருணிகளையும் என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டியில் வளருங்கள், சுற்றி எழும் கன்றை அப்போதைக்கப்போது பிடுங்குங்கள், புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் நடாதீர்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? வாங்கியது பிசுபிசுத்துவிட்டதே, தூக்கி எறியவா?

கண்ணைப் பறிக்கும் ஒரே சீரான சிவப்பு வேண்டாம். நிறம் மங்காமல் இருக்கக் கந்தகப் புகை காட்டியிருக்கலாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சை இழுக்கும். கொஞ்சம் மங்கலாக, ஒன்றுக்கொன்று நிறம் வேறுபட்டு இருப்பது நல்லது. காம்பு ஒட்டியிருந்த இடத்தில் வெளிறிய புள்ளி தெரிய வேண்டும். தண்ணீரில் போட்டதும் நீர் செக்கச் சிவந்தால் சாயம். இங்கே கடையில் வாங்கினால் பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் உப்புக்காற்றுக்கு எந்த உலர்பழமும் இரண்டு நாளில் ஈரம் இழுக்கும். பிசுபிசுப்பு மட்டும் என்றால் ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் துணி மூடிக் காயவைத்து, கண்ணாடிப் புட்டியில் இறுக அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். புளித்த வாடையோ வெள்ளைப் பூஞ்சையோ தெரிந்தால் கழுவிச் சாப்பிட முயலாதீர்கள், எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.